யார் இந்த பால் பிராண்ட்? கொல்லிமலையில் பிறந்து, மடங்கிப்போன விரல்களை நிமிர்த்திய டாக்டர்!

அமராவதி நகர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு அணையும், முதலைப் பண்ணையும், சைனிக் பள்ளியும்தான் நினைவுக்கு வரும். ஆனால், அந்த ஊர் இருப்பது திருப்பூர் மாவட்டத்தில். உடுமலை, தாராபுரம், பல்லடம் என எந்தப் பக்கம் திரும்பினாலும் பனியன் கம்பெனி, ஸ்பின்னிங் மில், விசைத்தறி இவற்றில் ஏதோ ஒன்றை நம்பித்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது.

இந்தத் தொழில் மொத்தமுமே விரல்களின் தொழில். கட்டிங் டேபிளில் துணியைப் பிடிப்பது, ஓவர்லாக் மிஷினுக்குள் விளிம்பைத் தள்ளுவது, செக்கிங்கில் பிசிறு வெட்டுவது, தறியில் அறுந்த இழையை முடிவது என்று எல்லாவற்றுக்கும் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர வேண்டும். ஊசி விரலில் ஏறுவதெல்லாம் இங்கே சாதாரணம். பிளேடு மணிக்கட்டில் ஆழமாக இறங்கி நரம்பு துண்டாகிவிட்டால் கதை வேறு. காயம் ஆறிவிடும், தையல் பிரித்துவிடுவார்கள். ஆனால் விரல்கள் பருந்தின் கால் மாதிரி வளைந்தே நிற்கலாம். டம்ளரைப் பிடிக்க முடியாது, சட்டைப் பட்டன் போட முடியாது. கத்தரிக்கோலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

நரம்பைச் சேர்த்தும் பலன் இல்லை என்றால், டாக்டர்கள் ஒரு மாற்று வழிக்குப் போவார்கள். நன்றாக இயங்கும் வேறொரு தசையின் நாணை, அதாவது டெண்டானை, எடுத்துத் திருப்பிவிட்டு, முடங்கிய விரல்களோடு இணைப்பார்கள். கேட்க எலெக்ட்ரீஷியன் வேலை மாதிரி இருக்கிறதா? கிட்டத்தட்ட அப்படித்தான். கோவையிலோ சென்னையிலோ வேலூரிலோ இந்த ஆபரேஷனைக் கற்கும் இளம் டாக்டர், பாடப் புத்தகத்தில் ஒரு பெயரைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார். பால் பிராண்ட். அவர் பெயரில் ஓர் ஆபரேஷன் முறை இருக்கிறது. டெண்டானைத் தோலுக்கு அடியில் இழுத்துக் கொண்டுபோகும் ஒரு கருவிக்கும் அவர் பெயர்தான்.

அந்த ஆள் பிறந்தது லண்டனில் இல்லை, நம் கொல்லிமலையில்.

டாக்டர் வேலையே வேண்டாம் என்ற பையன்

பால் வில்சன் பிராண்ட் பிறந்த நாள் 1914 ஜூலை 17. கொல்லிமலை இப்போது நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அப்பா ஜெஸ்ஸியும் அம்மா ஈவ்லினும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். ஜெஸ்ஸி கட்டட வேலை தெரிந்தவர். மருத்துவத்தில் கொஞ்சம்போல பயிற்சி. மலைமேல் வேறு யாரும் இல்லாததால் அவரே வீடு கட்டினார், அவரே பல் பிடுங்கினார், அவரே காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார். மகன் மலைப் பிள்ளைகளோடு தமிழ் பேசிக்கொண்டு, மரம் ஏறிக்கொண்டு வளர்ந்தார்.

தொழுநோய் வந்தவர்களும் எப்போதாவது ஜெஸ்ஸியைத் தேடி வருவார்கள். அந்த நேரத்தில் பிள்ளைகள் பக்கத்தில் போகக்கூடாது. சீழும் புண்ணும் அப்பா கட்டும் துணிக்கட்டுகளும் சின்ன வயதிலேயே பாலின் மனதில் பதிந்துவிட்டன. விளைவு, பெரியவனானால் என்ன வேண்டுமானாலும் ஆகலாம், டாக்டர் மட்டும் ஆகக்கூடாது என்ற முடிவு.

9 வயதில், 1923-ல், படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவர் அப்பாவைப் பார்க்கவே இல்லை. 1929-ல் மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி மலையிலேயே இறந்துபோனார். தந்தி சீக்கிரம் வந்துவிட்டது, கடிதங்கள் கப்பலில் மெதுவாக வந்தன. அப்பா இறந்த செய்தி தெரிந்த பிறகும் சில வாரங்கள் அப்பாவின் கையெழுத்தில் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. 14, 15 வயதுப் பையன் அவற்றைப் பிரித்துப் படித்தான்.

அம்மா ஈவ்லின் மலையை விடவில்லை. கொல்லிமலையிலும் சுற்றியுள்ள மலைகளிலும் வேலை செய்து, 1974-ல் 95 வயதில் இறந்தார். கணவருக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். அது தனிக் கதை.

பள்ளி முடித்ததும் பால் கட்டட வேலைக்குப் போனார். சும்மா மேற்பார்வைக்கு இல்லை. சுமார் 5 வருடம் தச்சு, கொத்து, கல் வேலை எல்லாம் கையால் கற்றார். அப்பா மாதிரி மலைக்குத் திரும்பி வீடும் பள்ளியும் கட்டலாம் என்பது திட்டம். மிஷனரிகளுக்கான அடிப்படை மருத்துவப் பயிற்சிக்குப் போன இடத்தில் திட்டம் மாறியது. ரத்தம் இழந்து, பிணம் போல வெளுத்துக் கிடந்த ஒரு பெண்ணுக்கு ரத்தம் ஏற்றுவதைப் பார்த்தார். கண்முன்னே உதடு சிவந்தது, அந்தப் பெண் கண் திறந்தார். அவ்வளவுதான். வெறுத்த படிப்பையே தேடிப் போய் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கேதான் சக மாணவி மார்கரெட்டைச் சந்தித்து 1943-ல் திருமணம் செய்துகொண்டார். இரண்டாம் உலகப் போர்; லண்டன் மீது குண்டு விழுந்துகொண்டிருந்தது. சர்ஜரி கற்க, சோகமான விதத்தில், நல்ல காலம் அது.

அந்த 5 வருடக் கட்டட வேலை வீண் என்று அப்போது அவருக்கே தோன்றியிருக்கலாம். பிற்பாடு அவர் செய்த எல்லாவற்றிலும் அந்தத் தச்சர்தான் தெரிகிறார்.

செங்கல்பட்டில் ஒரு கைப்பிடி

1946-ல் வேலூர் சி.எம்.சி.யிலிருந்து அழைப்பு வந்தது. அழைத்தவர் ராபர்ட் காக்ரேன், தொழுநோய் நிபுணர். பிராண்ட் வந்தது சர்ஜரி சொல்லிக்கொடுக்க. தொழுநோய்க்கும் அவருக்கும் அப்போது சம்பந்தமே இல்லை.

1947-ல் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டு லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தோலைப் பற்றி அவர் விளக்கிக்கொண்டே நடக்க, பிராண்டின் கண் மட்டும் நோயாளிகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தது. எங்கே பார்த்தாலும் வளைந்த விரல்கள், குட்டையான விரல்கள், விரலே இல்லாத கைகள். இவற்றுக்கு எலும்பு, மூட்டு டாக்டர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். பதில், யாரும் எதுவும் செய்யவில்லை. யாரும் வந்துகூடப் பார்க்கவில்லை.

பிராண்ட் ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தன் கையைக் கொடுத்து, அழுத்தச் சொன்னார். செத்துப்போன கை, என்ன பெரிதாக அழுத்திவிடும் என்று நினைத்திருப்பார். அந்த ஆள் பிடித்த பிடியில் பிராண்டுக்கு வலி உயிர் போனது. நோயாளிக்கோ தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியவில்லை.

அந்த வலியிலேயே விடை இருந்தது. கை செத்துப்போகவில்லை. சில தசைகள் மட்டும்தான் போயிருக்கின்றன. மற்றவை முழுப் பலத்தோடு இருக்கின்றன. அப்படியானால் எது போகிறது, எது தப்புகிறது?

வேலூர்க் குழு சுமார் 2,000 நோயாளிகளின் கைகளை ஒவ்வொரு தசையாகச் சோதித்தது. குழப்பமாக இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் ஒழுங்கான ஒரு வரிசை தெரிந்தது. இறந்த ஒரு நோயாளியின் உடலை விடிய விடிய அறுத்துப் பார்த்தபோது காரணமும் தெரிந்தது. நரம்புகள் எல்லா இடத்திலும் வீங்கவில்லை. முழங்கைக்குச் சற்று மேலே, மணிக்கட்டில், முழங்கால் பக்கம், கணுக்காலில் என்று தோலுக்கு ரொம்பப் பக்கத்தில் நரம்பு ஓடும் இடங்களில் மட்டும் வீங்கியிருந்தன. தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ச்சியான இடம்தான் பிடிக்கும். ஆழத்தில் வெதுவெதுப்பாக இருக்கும் நரம்பை அது பெரும்பாலும் விட்டுவிடுகிறது.

உங்கள் முழங்கையின் பின்பக்கம் எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டு விரல் வரை கரண்ட் அடித்த மாதிரி இருக்கும் இல்லையா? அதுதான் அல்நார் நரம்பு. உள்ளங்கைக்குள் இருக்கும் சின்னச் சின்னத் தசைகளில் பெரும்பாலானவற்றை இயக்குவது அது. இந்தச் சின்னத் தசைகள் போனால் விரல்கள் நகம்போல வளையும். ஆனால் விரலை இறுக்கி மூடும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை இயக்கும் நரம்புக் கிளைகள் ஆழத்தில் பத்திரமாக இருப்பதால் பிடி மட்டும் இரும்பாக இருக்கிறது. திருப்பூரில் பிளேடில் வெட்டுப்பட்ட கைக்கும் இதே கணக்குதான். அங்கே கிருமி செய்ததை இங்கே இரும்பு செய்கிறது.

ஆக, திருடுபோகாத ஒரு தசையைக் கடன் வாங்கலாம். டெண்டான் மாற்றம் பிராண்ட் கண்டுபிடித்தது இல்லை. போலியோவுக்கும் போர்க் காயங்களுக்கும் ஏற்கெனவே செய்துவந்தார்கள். தொழுநோய்க் கைக்கு யாரும் செய்யத் துணியவில்லை, காரணம் அந்தச் சதை ஆறவே ஆறாது என்ற நம்பிக்கை. 1948-ல் வேலூரில் ஆபரேஷன்கள் தொடங்கின. காயம் எல்லோருக்கும் ஆறுவது போலவே ஆறியது.

பின்னாளில் அவர் பெயரில் நிலைத்த முறை இதுதான். மணிக்கட்டைத் தூக்கும் தசைகளில் ஒன்றை எடுத்துக்கொள்வார். அதன் டெண்டான் விரல் வரை எட்டாது என்பதால், காலிலிருந்து ஒரு மெல்லிய டெண்டானை எடுத்து ஒட்டுப்போடுவார். அதை நான்கு வால்களாகப் பிரித்து, நான்கு விரல்களுக்கும் ஒவ்வொன்றாகத் தோலுக்கு அடியில் சுரங்கம் போட்டுக் கொண்டுபோவார். நான்கையும் ஒரே இழுவிசையில் தைக்க வேண்டும். ஒன்று தளர்ந்தாலும் அந்த விரல் பின்தங்கும், ஒன்று இறுகினாலும் அது முன்னே போகும். நூல் இழுவிசை தெரிந்த தறிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

கை சரியாச்சு, வேலை எங்கே?

இதற்குப் பிறகு நடந்ததுதான் பிராண்டை மற்ற சர்ஜன்களிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது.

விரல் நிமிர்ந்த ஆரம்பகால நோயாளிகளில் சிலர் திரும்பி வந்து குறை சொன்னார்கள். நோய் இருந்தது என்று தெரிந்ததும் யாரும் வேலை தருவதில்லை, வீடு தருவதில்லை. முன்பாவது வளைந்த கையை நீட்டினால் காசு விழும். இப்போது கை நன்றாக இருப்பதால் பிச்சையும் கிடைப்பதில்லை. அழகான ஆபரேஷன் செய்து, ஒருவரின் கடைசி வருமானத்தையும் பறித்துவிட்டோம் என்பது பிராண்டுக்கு உறைத்தது.

வயதான ஒரு மிஷனரிப் பெண்மணி கொடுத்த பணத்தில் 1951-ல் சி.எம்.சி. வளாகத்தில் நவஜீவ நிலையம் தொடங்கியது. கிராமம் மாதிரி சில வீடுகள், ஒரு பட்டறை. சொல்லிக்கொடுத்தவர் அதே பழைய தச்சர். உளி, ரம்பம், சுத்தியல் கொடுத்து, மர பொம்மைகள் செய்யப் பழக்கினார். ஊருக்குத் திரும்பிப் போய்ப் பிழைக்க ஒரு கைத்தொழில் வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் புதுத் தலைவலி வந்தது. விரல் அசைகிறது, உணர்ச்சி இல்லை. போன நரம்பை ஆபரேஷன் திருப்பித் தராது. பட்டறையில் காயங்கள் தினமும் வந்தன. எங்கே பட்டது என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. சூடான டம்ளர், அடுப்பிலிருந்து எடுத்த பாத்திரம், சொரசொரப்பான சுத்தியல் பிடி எனத் துப்பறியும் போலீஸ்காரர் மாதிரி பிராண்ட் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார். ஒருமுறை துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் அவர் திணறியபோது, ஒரு சிறுவன் வந்து சாவியை வாங்கிச் சட்டென்று திருகிவிட்டான். பையனுக்கு இவ்வளவு பலமா என்று பார்த்தால், தரையில் ரத்தம். சாவி அவன் விரலை எலும்பு தெரியும்வரை கிழித்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை.

இன்னொரு மர்மம், ராத்திரி படுக்கும்போது இருந்த விரல் நுனி காலையில் இல்லை. தொழுநோயில் விரல்கள் தானாக உதிரும் என்பது ஊர் நம்பிக்கை. டாக்டர்கள் பலரும் அதையே நம்பினார்கள். இரவில் காவல் இருந்து பார்த்ததில் உண்மை தெரிந்தது. எலி. தூங்கும் மனிதரின் விரலைக் கடிக்கிறது, வலிக்காததால் அவர் கையை இழுப்பதில்லை. மருந்து என்ன தெரியுமா? பூனை. வீட்டுக்குப் போகும் நோயாளிக்கு ஒரு பூனையும் கொடுத்து அனுப்பினார்கள்.

சிரிப்பு வரலாம். ஆனால் தொழுநோய் பற்றி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருந்த ஒரு பயத்தை உடைத்த கண்டுபிடிப்பு இது. நோய் விரலைத் தின்பதில்லை. நோய் வலியைத் திருடுகிறது. வலி இல்லாததால் காயம், காயத்தால் சீழ், சீழால் எலும்பு கரைவது. அப்படியென்றால் தடுக்கலாம். கால்களுக்கு மைக்ரோசெல்லுலார் ரப்பர் வைத்த மெத்தென்ற செருப்பை வேலூரும் அருகே உள்ள கரிகிரி மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கின. எம்.சி.ஆர். செருப்பு என்ற பெயரில் அரசு இன்றும் தொழுநோய் பாதித்தவர்களுக்கு அதைக் கொடுக்கிறது. உள்ளங்காலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகளும் போடுகிறார்கள்.

முகத்தையும் விடவில்லை. உள்ளே சரிந்த மூக்கை நிமிர்த்தினார்கள். உதிர்ந்த புருவத்துக்குத் தலைமுடியோடு ஒரு துண்டுத் தோலை, ரத்தக் குழாய் அறுபடாமல் இறக்கிவைத்தார்கள். அது தலைமுடி என்பதால் வளர்ந்துகொண்டே இருக்கும், வெட்டிவிட வேண்டும். சில நோயாளிகள் பெருமையில் வெட்டாமல் அடர்த்தியாக வளர விட்டார்களாம்! கண் மருத்துவரான மார்கரெட், இமை மூடாமல் பார்வை இழப்பவர்களைக் கவனித்துக்கொண்டார். மெல்லும் தசையின் ஒரு பட்டையை இமையோடு இணைத்தால், வாயை அசைக்கும்போது கண் மூடும். மூக்கும் புருவமும் பார்க்க அழகுக்கான ஆபரேஷன். ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்காராத மனிதருக்கு அது வேலைக்கான ஆபரேஷன்.

சொல்லிக்கொடுத்த விதம்

பிராண்ட் ஆபரேஷன் எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஆட்களை உருவாக்கினார். டாக்டர்களுக்குச் சமமாகப் பிசியோதெரபிஸ்ட்களை மதித்தார். ஆபரேஷனுக்கு முன் எந்தத் தசையைத் தனியாக அசைக்க வேண்டும் என்று நோயாளிக்குப் பழக்க வேண்டும், கட்டுப் பிரித்த பின் அதே அசைவை விரலுக்குக் கற்றுத்தர வேண்டும். இது இல்லாவிட்டால் மேஜையில் செய்த நல்ல வேலை வீண்.

1954-ல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த இளம் டாக்டர் மேரி வர்கீஸுக்கு, சர்ஜன் கனவு முடிந்ததாக எல்லோரும் நினைத்தார்கள். கை ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று பிராண்ட் காட்டினார். சக்கர நாற்காலியில் இருந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்த மேரி வர்கீஸ், பிறகு அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பி, வேலூரில் அதற்கான துறையை உருவாக்கினார். 1972-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

1952-ல் பிராண்ட் அமெரிக்கா போய், கை அறுவை சிகிச்சையின் முன்னோடியான ஸ்டெர்லிங் பன்னல் போன்றவர்களைச் சந்தித்தார். அந்தப் பயணம் முடிந்து லண்டன் திரும்பிய ஓர் இரவில், ஷூவைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தனக்கும் நோய் வந்துவிட்டது என்று முடிவுகட்டி, மனைவி பிள்ளைகளை விட்டு விலகி வாழும் வாழ்க்கையை அந்த ராத்திரி முழுக்கக் கற்பனை செய்தார். விடிந்ததும் மறுபடி குத்தினார். சுருக்கென்று வலித்தது! நீண்ட ரயில் பயணத்தில் நரம்பு மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். நோயாளிகளின் பயத்தை அவர் ஓர் இரவு மட்டும் வாழ்ந்து பார்த்தார்.

1960-ல் லாஸ்கர் விருது, 1961-ல் பிரிட்டிஷ் அரசின் சி.பி.இ. 1960-களின் நடுவில் வேலூரை விட்டு அமெரிக்காவின் லூசியானாவில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். 20 வருடம் அங்கே.

வலியை மிஷினில் செய்ய முடியுமா?

கார்வில்லில் அவர் எடுத்த முயற்சி இன்றைய ஸ்டார்ட்அப் ஐடியா போலவே இருக்கும். உணர்ச்சியில்லாத கைக்கு சென்சார் வைத்த கையுறை. அதிகமாக அழுத்தினால் காதில் பீப் சத்தம். எஞ்சினியர்கள், நிதி உதவி, பல வருட உழைப்பு எல்லாம் இருந்தன.

தோற்றுப்போனது. சென்சார் சீக்கிரம் கெட்டுப்போனது ஒரு பக்கம். பெரிய சிக்கல் வேறு. பீப் சத்தம் கேட்டாலும் ஆட்கள் வேலையை நிறுத்தவில்லை. சரி என்று, உணர்ச்சி உள்ள அக்குளில் லேசான ஷாக் கொடுத்துப் பார்த்தார்கள். கனமான வேலை வந்தால் சுவிட்சை அணைத்துவிட்டு வேலையை முடித்து, மறுபடி போட்டுக்கொண்டார்கள். ஆஃப் பண்ண முடிகிற வலி, வலி இல்லை என்று பிராண்ட் புரிந்துகொண்டார். வலியைப் பற்றி பத்திரிகையாளர் பிலிப் யான்சியோடு சேர்ந்து அவர் 1993-ல் ஒரு புத்தகம் எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம். மின்னணுத் தோல், உணர்ச்சி தெரியும் செயற்கைக் கை என்று இப்போது நடக்கும் ஆய்வுகளும் அதே சுவரில்தான் முட்டுகின்றன. அழுத்தத்தை அளப்பது இப்போது எளிது. அதை மூளை அலட்சியப்படுத்த முடியாத செய்தியாக மாற்றுவதுதான் கஷ்டம்.

இன்னொரு முயற்சி பெரிய வெற்றி. தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்கு இந்தியாவிலும் இலங்கையிலும் பயன்பட்ட மாவுக்கட்டு முறையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ச் சர்க்கரை நோயாளிகளுக்குப் போட்டார். பாதம் முழுவதும் ஒட்டினாற்போல் கட்டு போட்டால் எடை பரவிவிடும், புண் ஆறும். சர்க்கரை நோய்ப் பாதப் புண்ணுக்கு இன்றும் சிறந்த வழிகளில் ஒன்றாக அது நீடிக்கிறது.

இப்போது எங்கே நிற்கிறோம்?

ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பிராண்ட் தன்னை பிளாஸ்டிக் சர்ஜன் என்று வகைப்படுத்திக்கொண்டவர் இல்லை. கை அறுவை சிகிச்சை, எலும்புத் துறைக்கும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கும் நடுவில் இருக்கும் பொதுச்சுவர். இந்தியாவில் பெரும்பாலும் பிளாஸ்டிக் சர்ஜன்களே அதைச் செய்கிறார்கள். எம்.பி.பி.எஸ்., பிறகு எம்.எஸ்., அதற்குமேல் 3 வருட எம்.சிஎச். கை மற்றும் மைக்ரோ சர்ஜரிக்கு மட்டும் தனி ஃபெல்லோஷிப்பும் உண்டு. சி.எம்.சி.யில் கை அறுவை சிகிச்சைப் பிரிவுக்கே பிராண்ட் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். சென்னை ஸ்டான்லியில் கைக்கென்றே தனி நிறுவனம் இருக்கிறது. கோவை கங்கா மருத்துவமனைக்கு வெளிநாட்டு டாக்டர்கள்கூடக் கற்றுக்கொள்ள வருகிறார்கள்.

பிராண்ட் காலத்தில் இல்லாதது மைக்ரோஸ்கோப். இன்று பயிற்சி டாக்டர் முதலில் மைக்ரோஸ்கோப்பின் கீழ் ரப்பர் கையுறைத் துண்டைத் தைப்பார், பிறகு கோழிக்காலின் ரத்தக் குழாயை. முடியைவிட மெல்லிய நூல். அது கைவந்த பிறகுதான் துண்டான விரலைச் சேர்க்கும் ஆபரேஷனில் இடம். செயலிழந்த தசைக்குப் பக்கத்து நரம்பையே திருப்பிவிடும் முறையும் வளர்ந்திருக்கிறது. 2015-ல் கொச்சியில், இறந்தவரின் இரண்டு கைகளையும் எடுத்து ஒருவருக்குப் பொருத்தினார்கள், இந்தியாவில் முதல்முறை.

டெண்டான் மாற்றமும் மாறியிருக்கிறது. நான்கு வால்களை எவ்வளவு இழுத்துத் தைப்பது என்பதை அந்தக் காலத்தில் அனுபவத்தில்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. இன்று சில இடங்களில் மயக்கம் கொடுக்காமல், கையை மட்டும் மரக்க வைத்து, நோயாளி விழித்திருக்கும்போதே செய்கிறார்கள். தைத்ததும் விரலை அசைக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். சரியில்லையா, அங்கேயே திருத்தம்.

தொழுநோய் முடிந்த கதை என்று நினைக்க வேண்டாம். 1980-களில் வந்த கூட்டு மருந்து நோயைக் குணப்படுத்துகிறது. ஆனாலும் இந்தியாவில் வருடத்துக்கு 1 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. உலக எண்ணிக்கையில் பாதிக்கு மேல். தாமதமாக வருபவர்களுக்கு விரல் மடங்கியிருக்கும், அவர்களுக்குச் சீரமைப்பு ஆபரேஷன் செய்ய ஆட்கள் வேண்டும். பிளாஸ்டிக் சர்ஜரி என்றாலே மூக்கு, முடி, தொப்பை என்று இன்ஸ்டாகிராம் விளம்பரம் ஓடும் காலத்தில், இந்த வேலையை எத்தனை இளம் டாக்டர்கள் தேடி வருவார்கள் என்பது நியாயமான கேள்வி.

பால் பிராண்ட் 2003 ஜூலை 8 அன்று அமெரிக்காவின் சியாட்டிலில் இறந்தார், வயது 88. மார்கரெட் 2014 வரை இருந்தார்.

டெண்டான் மாற்றம் செய்த கையைச் சுமார் 3 முதல் 4 வாரம் கட்டிவைப்பார்கள். கட்டுப் பிரிக்கும் அன்று தெரபிஸ்ட் எதிரே உட்கார்ந்து, விரலை அசைக்கச் சொல்ல மாட்டார். மணிக்கட்டைத் தூக்கச் சொல்வார். ஏனென்றால், மூளைக்கு இன்னும் அது மணிக்கட்டுத் தசைதான். நோயாளி மணிக்கட்டைத் தூக்கப் பார்ப்பார், அசைவது விரல். முதல்முறை நிறைய பேர் பயந்து நிறுத்திவிடுவார்கள். பிறகு ஒரு டம்ளர், ஒரு துணி கிளிப், ஒரு கத்தரிக்கோல் என்று மேஜையில் ஒவ்வொன்றாக வரும். கத்தரிக்கோல் எத்தனையாவது வாரம் வரும் என்பது, அவர் கட்டிங் டேபிளுக்குத் திரும்பப் போகிறாரா, செக்கிங்குக்கு மாறப் போகிறாரா என்பதைப் பொறுத்தது. அதனால் ஆபரேஷனுக்கு முன்பே அந்தக் கேள்வியைக் கேட்டு, கேஸ் ஷீட்டில் எழுதிவைப்பார்கள்.